கண்ணுக்குத் தெரியாத தூசி

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் நான் எப்போதும் ஜன்னல் பக்கம்தான் பார்ப்பேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் காற்று நன்றாக வரும். கண்டக்டர்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். மடியில் நீலப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேனா, "பெருசு, பெட்டிக்கு அரை டிக்கெட்டாவது எடுங்க" என்று கேலி செய்வார்கள். ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது ஒரு கை கொடுத்து இறக்கியும் விடுவார்கள். நல்ல பிள்ளைகள்.

இன்ஸ்பெக்டர் கலீம் ஐயா, ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கோர்வையாக வராது. வருகிறபடி ஏட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. என் மகள் ஜோதிக்குப் போன வாரமே அடுத்த மருந்து ஏற்றியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி மருந்து ரூமுக்கு நீங்கள் சீல் வைத்துவிட்டதால் ஏற்றவில்லை. தள்ளிப்போகப் போக உள்ளே இருக்கிற கட்டி மறுபடியும் தலை தூக்கும் என்று டாக்டரே சொல்கிறார். அந்த ரூமைத் திறந்துவிடச் சொல்லுங்கள். மருந்துக் கம்பெனி மேல் சந்தேகம் என்கிறீர்கள். கம்பெனிக்காரன் ஒன்றும் செய்யவில்லை. நர்ஸ் பெலிண்டாவும் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருப்பது நல்ல மருந்து. அது எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

என் பெயர் வீரமலை. முசிறிக்கு வடக்கே துறையூர் ரோட்டில் ஜல்லி உடைக்கிற கிரஷரில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவன். கிரஷரில் இரண்டு தூசி உண்டு. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கில் அடைக்கும், இருமினால் சளியோடு வந்துவிடும். அதைப் பற்றிக் கவலையில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று இருக்கிறது. அது நேராக நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்னோடு வேலை பார்த்த நல்லதம்பி அப்படித்தான் செத்தான். கடைசியில் அவனால் நாலு அடி நடக்க முடியவில்லை. முதலாளி கூட்டி வந்த டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பீடி குடித்துக் குடித்து நெஞ்சு புண்ணாகிவிட்டது என்றார். நல்லதம்பி பீடியைக் கையால் தொட்டதில்லை. அன்றிலிருந்து டாக்டர் சொல்வதை நான் காதில் வாங்குவேன், மனதில் வாங்குவதில்லை.

அந்தத் தூசிக்கு ஒரே வழி தண்ணீர்தான். கல் கொட்டும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தூசி ஒன்றோடொன்று ஒட்டும், கனக்கும், கீழே விழும். சின்னதாக இருக்கிற வரைக்கும்தான் அதற்குத் தைரியம். பெரிதாகிவிட்டால் அதனால் எங்கேயும் போக முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணால் பார்த்தது.

என் வீட்டுக்காரி காளியாயிக்கு மார்பில் கட்டி வந்தது. டவுனில் இருக்கிற இந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பிரவீன்ராஜ் சின்னப் பையன். என் மகனாக இருக்கிற வயது. பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். இது நானோ மருந்து, அம்மா. மருந்தைக் கொழுப்பால் ஆன ஒரு சின்ன உறைக்குள் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் அந்த மாதிரி ஆயிரம் உறையை வரிசையாக அடுக்கலாம். ரத்தத்தில் போகும்போது வழியில் எங்கேயும் கொட்டாது, கட்டியில் போய்த்தான் தங்கும். அதனால் இருதயத்துக்குச் சேதம் குறைவு, முடியும் அவ்வளவாகக் கொட்டாது. இப்படிச் சொன்னார்.

காளியாயி படுத்த வாக்கிலேயே கேட்டாள். "அம்புட்டுச் சின்னதா டாக்டர்? அப்ப எங்க வீட்டுக்காரரு மண்டைக்குள்ளகூட நுழைஞ்சிடும்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளே கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, வழியில் நிற்காது, தானாகப் போய் உள்ளே உட்காரும். இதை நான் நாற்பது வருஷம் பார்த்தவன். அவர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

முதல் பாட்டில் ஏற்றினபோதே காளியாயி முகம் சிவந்து, "நெஞ்சு மேல கல்லத் தூக்கி வெச்சாப்ல இருக்குங்க" என்றாள். உடனே நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஏற்றினார்கள். அப்புறம் அப்படி வரவில்லை. ஆனால் அவள் தேறவும் இல்லை. ஐப்பசி மழையில் போய்விட்டாள். ஈரலுக்குப் பரவிவிட்டது, மிகவும் தாமதமாக வந்தீர்கள் என்றார் டாக்டர். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ தொடங்கினார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஒரு வருஷத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டி புளியங்கொட்டை அளவு இருக்கும்போதே அவள் என்னிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது நான். முசிறியில் ஒருவர் பச்சிலை அரைத்துக் கட்டுவார். அவரிடம் கூட்டிப்போனேன். சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு போட்டோம். அவள் ஒரு நாள்கூட மறுத்துப் பேசவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்களாகக் கண்டுபிடித்து இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. அந்த ஒரு வருஷத்துக்கும் அவள் செத்ததற்கும் சம்பந்தம் இல்லை.

டாக்டர் பிரவீன்ராஜ் இரக்கப்பட்டுத்தான் எனக்கு வேலை கொடுத்தார். காளியாயி வைத்தியத்துக்காக ஸ்ரீரங்கத்தில் பிடித்த ஒண்டுக் குடித்தனத்தில் நான் தனியாக இருந்தேன். "சும்மா வீட்ல கெடந்தா மனசு கெட்டுப்போகும் பெரியவரே. எங்க ஸ்ரீரங்கம் கிளைக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுங்க" என்றார். அங்கே வயதானவர்கள், டவுனுக்கு வர முடியாதவர்கள் நாலைந்து பேருக்கு இதே நானோ மருந்தை ஏற்றுகிறார்கள். மருந்து டவுனில் இருக்கும். வேண்டிய அன்றைக்கு ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். நான் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

நர்ஸ் பெலிண்டாதான் எனக்கு வேலை பழக்கினது. பாலக்கரைப் பெண். வாய் ஓயாது.

"தாத்தா, இது பச்சப் புள்ள மாதிரி. குலுக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. சூடு பட்டா உறை கரைஞ்சிடும். மருந்து எடத்துக்குப் போகாம நடுவழியிலயே கொட்டிடும். புரியுதா?"

"புரியுதும்மா."

"புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. தலைய மட்டும் ஆட்டாதீங்க."

எனக்கு நன்றாகவே புரிந்தது. பெட்டிக்குள் தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி கிடக்கும். பெட்டி குளிர்ச்சியாகவே வந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். நடுவில் சூடு பட்டிருந்தால் சிவப்பு. ஸ்ரீரங்கத்தில் பெலிண்டா பெட்டியைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பாள். பச்சை என்றால் மருந்தை எடுத்துக்கொள்வாள். மருந்துப் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஆள் பெயர் ஒட்டியிருக்கும்.

நான் நேராகக் கிளைக்குப் போகாமல் காவிரிக் கரையில் அம்மா மண்டபத்தில் இறங்குவேன். படித்துறைக்குப் போவேன். உச்சி வெயிலில் அங்கே கல்லில் கால் வைக்க முடியாது. திதி கொடுக்கிறவர்கள் காலையிலேயே போயிருப்பார்கள். கருவியை ஐஸுக்குள்ளேயே விட்டுவிட்டு, பாட்டில்களை மட்டும் எடுத்து ஈரத் துண்டில் சுற்றிக் கல் மேல் வைப்பேன். துண்டு காய்ந்து, பாட்டில் கையில் சுடுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் ஐஸில் வைத்து மூடி, கிளைக்குப் போய்க் கொடுப்பேன். விளக்கு பச்சையாகவே இருக்கும். "நம்ம தாத்தா கொண்டாந்தா பெட்டி சில்லுனு இருக்கும்" என்று பெலிண்டா எல்லாரிடமும் சொல்வாள்.

மருந்தை நான் கொட்டவில்லை. தண்ணீர் கலக்கவில்லை. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மருந்து வேண்டும், மருந்து போகட்டும். அந்த உறைதான் வேண்டாம் என்றேன். கொழுப்புதானே அது. சூட்டில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டால் தூசியின் குணம் அதற்குப் போய்விடும். கிரஷரில் தண்ணீர் அடித்தோம். இங்கே வெயிலில் வைத்தேன். யாராவது செய்ய வேண்டிய வேலை. படித்தவன் எவனும் செய்ய மாட்டான். நான் செய்தேன்.

நான் நினைத்தது சரி என்பதற்கு அத்தாட்சியும் கிடைத்தது. கோவில் மடைப்பள்ளியில் சமையல் கைங்கர்யம் பண்ணும் ரங்கநாதன் சுவாமியின் மகள் வைஷ்ணவிக்கு அந்த மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சின்ன வயது. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை அவளுக்கு. நான் வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். கோலப்பொடியைக்கூட விரலில் எடுக்க முடியவில்லை. இந்த மருந்துக்கு அப்படி ஆகும், மருந்து வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் வெயிலில் வைக்கத் தொடங்கிய பிறகு தோல் உரிவது நின்றுவிட்டது.

"தாத்தா, இங்க பாருங்கோ, கை நன்னா ஆயிடுத்து. பெருமாள் கண் திறந்துட்டார்" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். அவள் அப்பா எனக்கென்று தொன்னையில் புளியோதரை கொண்டுவந்து, "பெருமாள் பிரசாதம், எடுத்துக்கோங்கோ" என்று கையில் கொடுத்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அப்புறம் அவளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. மற்றவர்களுக்கும் கொட்டியது. திருவானைக்கோவிலில் இரும்புக் கடை வைத்திருந்த ஷேக் தாவூது பாயும் அதே மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவர். என்னைப் பார்த்தாலே வம்புக்கு இழுப்பார். "வாங்க வீரமலைண்ணே, பொட்டில குச்சி ஐஸ் இருந்தா ஒண்ணு எடுங்க" என்பார். பங்குனியில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். கடைசியாக வந்த அன்று படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு ஐஸ் வேணாம்ணே. மூச்சு இருந்தா கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க" என்றார். ரம்ஜானுக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். நான் போய்த் தெருவில் நின்றுவிட்டு வந்தேன். அவரோடு சேர்த்து மூன்று பேர் அந்தக் கோடையில் போனார்கள். புற்றுநோய் வந்தவர்கள் சாவது புதிதா ஐயா. டாக்டரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இருதயத்தைக் காப்பாற்றுகிற மருந்தாயிற்றே இது, எப்படி எல்லாருக்கும் இருதயத்தில் அடிக்கிறது என்று பெலிண்டாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் ஜோதி வந்தாள். முசிறியில் வாழைக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கொடுத்திருக்கிறேன். கையில் ஆஸ்பத்திரி உறையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, அம்மாவுக்கு வந்த எடத்துலயே எனக்கும் கட்டி. எல்லா டெஸ்டும் எடுத்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பச்சிலைக்காரருகிட்டக் கூட்டிப்போயிருப்பீங்க."

"ஜோதி."

"அம்மாவ ஒரு வருஷம் வெச்சிருந்த மாதிரி என்னைய வெச்சிருக்க விடமாட்டேம்பா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நீங்க நம்பினாலும் நம்பாட்டியும் நான் இந்த மருந்து ஏத்திக்கப்போறேன். உங்க வீட்ல தங்கிக்கலாமா, வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

அவள் அம்மா கடைசி வரைக்கும் கேட்காததை அவள் வாசல்படியில் நின்று கேட்டாள். உள்ளே வா என்றேன்.

அவளுக்கு முதல் மருந்து ஏற்றுகிற அன்று பெட்டியில் இரண்டு பாட்டில். ஒன்றில் ஜோதி பெயர், ஒன்றில் வைஷ்ணவி பெயர். வழக்கம்போல அம்மா மண்டபத்தில் இறங்கினேன். நல்ல வெயில். வழக்கமான கல்லில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். வைஷ்ணவியின் பாட்டிலை எடுத்தேன். துண்டில் சுற்றிக் கல் மேல் வைத்தேன். ஜோதியின் பாட்டிலை எடுக்கவில்லை. அதன் மேல் இன்னொரு ஐஸ் கட்டியை நகர்த்தி வைத்து மூடினேன்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

ஜோதிக்கு இரண்டாவது தடவைக்கே உள்ளங்கை உரியத் தொடங்கியது. ராத்திரி சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். நான் ஊதிவிட்டேன், தேங்காய் எண்ணெய் தடவினேன். எனக்கு ஏன் அப்போது அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். நானும் நின்றேன்.

அதில்தான் டாக்டருக்குப் பொறி தட்டியது. ஒரே மருந்து, ஒரே பெட்டி, ஒரே நாள். ஜோதிக்கு மட்டும் கை உரிகிறது, கட்டி சுருங்குகிறது. வைஷ்ணவிக்கு இருதயம் வீங்கிக்கொண்டே போகிறது, கட்டி வளர்கிறது. மிச்சம் இருந்த மருந்தை எடுத்து எங்கேயோ பரிசோதனைக்கு அனுப்பினார். வைஷ்ணவியின் பாட்டிலில் உறை எல்லாம் உடைந்திருக்கிறது என்று வந்தது. உடனே நீங்கள் வந்தீர்கள், கம்பெனிக்காரனைக் கூப்பிட்டீர்கள், ரூமைப் பூட்டினீர்கள். பெலிண்டாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். விசாரணைக்கு வந்த அந்தப் பெண் இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "தாத்தா, பெட்டி பச்சையாத்தானே இருந்துச்சு, நீங்களே பாத்தீங்கல்ல?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அது பொய் இல்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. கிழவனை யார் கேட்பார்கள். வைஷ்ணவி போன வெள்ளிக்கிழமை போய்விட்டாள் என்று தெரிந்தபோதுகூட நான் இங்கே வந்து சொல்லவில்லை. ரங்கநாதன் சுவாமி ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "கை நன்னா ஆயிடுத்துன்னு எவ்ளோ சந்தோஷப்பட்டா தெரியுமா?" என்றார். தெரியும் சுவாமி என்றேன். வீட்டுக்குப் போனேன். ஜோதி நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "மருந்து எப்பப்பா குடுப்பாங்க? மறுபடி கல்லாட்டம் கெட்டியாகுதுப்பா" என்றாள். அப்போதுதான் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மகளுக்கு ஏன் வெயிலில் வைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். மறந்துவிட்டேன் என்று நேற்று உங்கள் ஏட்டிடம் சொன்னேன். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். மறக்கவில்லை. அவள் என் மகள்.

சரி, மகளுக்கு ஐஸில் வைக்கத் தெரிந்தவன், பக்கத்திலிருந்த வைஷ்ணவியின் பாட்டிலையும் அப்படியே விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டிருக்கலாம். நானும் அந்தக் கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டையும் குளிர்ச்சியாகக் கொடுத்திருந்தால், நான் அதுவரை செய்ததெல்லாம் என்ன ஆகும் ஐயா? பாயும் மற்ற இரண்டு பேரும் எதற்குப் போனார்கள் என்று ஆகும்? வைஷ்ணவியின் பாட்டில் வெயிலில் இருக்கிற வரைக்கும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அதனால் வைத்தேன். நாலு பேரைக் கொன்றேன் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். எழுதப் படிக்கத் தெரியும், கைநாட்டு வேண்டாம்.

தூக்குப் போடுங்கள், உள்ளே வையுங்கள், அது உங்கள் வேலை. எனக்கு ஜோதி பிழைக்க வேண்டும். இன்றைக்கே ரூமைத் திறக்கச் சொல்லுங்கள். புதிய ஆள் ஒருவனைப் போட்டுப் பெட்டியை அனுப்பச் சொல்லுங்கள், வழியில் எங்கேயும் இறங்காதவனாக. அது நல்ல மருந்து, நோயை அறுத்து எடுக்கிற மருந்து, நேரத்துக்குக் கொடுத்தால் ஆளைக் காப்பாற்றுகிற மருந்து. நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன், இதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, விட்டுவிடாதீர்கள்: என் காளியாயியைக் கொன்றது அந்த மருந்துதான்.